போர் விமானத்தில் கரண்டு வேலை: பாபநாசத்து அண்ணனுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். பாபநாசம் பக்கத்தில் ஒரு அண்ணன். மகன் பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல்-எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் போர் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு மொட்டை மாடிக்கு ஓடுகிறான், விமானப்படையில் எலக்ட்ரிகல் மெக்கானிக் ஆவேன் என்கிறான். அது என்ன வேலை, நம் ஊர் வயரிங் வேலை மாதிரியா, ஆபத்து உண்டா, வெளியே வந்தால் பிழைப்பு இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

அண்ணே, நான் அதே வேலையில் 20 வருடம் இருந்தவன். 1999-ல் சேர்ந்து சார்ஜென்டாக வெளியே வந்தேன், இப்போது ஒரத்தநாடு பக்கம் பம்புசெட் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் பார்க்கிறேன். முதலில் மிக்-21 போர் விமானம், அப்புறம் ஏஎன்-32 சரக்கு விமானம். சுகோயில் நான் கை வைத்ததில்லை. தஞ்சாவூர்த் தளம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான், ஆனால் 20 வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அங்கே போஸ்டிங் கிடைக்கவில்லை. ஜோத்பூர் வெயில், ஜோர்ஹாட் மழை என்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்திலேயே தளம் இருக்கிறது, பையன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வருவான் என்று உங்கள் வீட்டில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் அதை இப்போதே அழித்துவிடுங்கள். இன்னொன்று, எந்த விமானத்தில் எது எங்கே இருக்கிறது, எதை எப்படி நிறுத்தலாம் என்பதெல்லாம் வெளியே பேசக்கூடாத சங்கதி. பொதுவாக எல்லோரும் படிக்கிற புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப்போர் காலத்தது. ரொம்ப நாள் சும்மா கிடந்து, பிறகு விமானப்படை எடுத்துச் சீர்படுத்தி, 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி போர் விமானத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20 அன்று 222-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, அங்கே வந்தது. 'டைகர் ஷார்க்ஸ்' என்று பெயர், விமானம் சுகோய்-30 எம்கேஐ, பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் ஏற்பாட்டோடு. அந்த ஏவுகணையின் விமான வடிவம் ஒன்றே சுமார் இரண்டரை டன். ஒரு டிராக்டரை வயிற்றில் கட்டிக்கொண்டு பறப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். விமானப்படையில் 'எலக்ட்ரிகல் ஃபிட்டர்' என்று ஒரு டிரேடு. இன்ஜின் பார்ப்பவன் வேறு, உடல் தகடு பார்ப்பவன் வேறு, ஆயுதம் மாட்டுபவன் வேறு, ரேடியோ ரேடார் பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ்காரன் வேறு. கரண்டு எங்கே பிறக்கிறதோ அங்கிருந்து அது போய்ச் சேரும் இடம் வரைக்கும் நம் தலையில். ஜெனரேட்டர், பேட்டரி, ரெக்டிஃபையர், இன்வெர்ட்டர், ரிலே, சர்க்யூட் பிரேக்கர், எரிபொருள் பம்பின் மோட்டார், சக்கரம் இறங்கியதா என்று சொல்லும் சுவிட்ச், இறக்கை நுனி விளக்கு, வேகம் அறிய உதவும் பிட்டாட் குழாயைச் சூடாக்கும் ஹீட்டர், அப்புறம் இவை எல்லாவற்றையும் இணைக்கும் வயர். இதில் பெரிய பாடு கடைசியில் சொன்னதுதான். ஜெனரேட்டர் கெட்டால் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். மண்புழு மாதிரி தகடுக்குப் பின்னால் ஓடுகிற கட்டுக்கட்டான வயரில் ஒன்றுக்கு எங்கோ தோல் உரிந்திருந்தால் அதைத் தேட நாள் கணக்காகும்.

ட்ரிபிள் ஈ படித்த பையனுக்கு முதல் நாளே ஒரு குழப்பம் வரும். கரண்டே வேறு. நம் வயல் மோட்டாருக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை), மூன்று பேஸ், 415 வோல்ட். விமானத்தில் 400 ஹெர்ட்ஸ், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 115 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் 200 வோல்ட். கூடவே 28 வோல்ட் டிசி. ரஷ்ய விமானங்களில் சாய்வும் திசையும் காட்டும் பழைய சுழல்கருவிகளுக்காக (ஜைரோ) 36 வோல்ட் மூன்று பேஸ் ஒன்று தனியாக ஓடும். எதற்கு இந்த 400? நீங்கள் ஆற்றுப் பாசன மோட்டார் தூக்கியிருப்பீர்கள், இரண்டு பேர் பிடித்தாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு 'போல்', அதாவது இரண்டு காந்தமுனை, உள்ள மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டாது, பெயர்ப் பலகையில் 2800 சொச்சம்தான் போட்டிருக்கும். அதே இரண்டு போலுக்கு 400 ஹெர்ட்ஸ் கொடுத்தால் உச்சம் 24,000 சுற்று. வேகமாகச் சுற்றினால் அதே வேலைக்குச் சின்ன மோட்டார் போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் அப்படித்தான், அலை சீக்கிரம் சீக்கிரம் திரும்புவதால் இரும்பு குறைவாகப் போதும். விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு என்பதால் எடைக்காகச் செய்த ஏற்பாடு இது. அப்படியானால் 4000 ஹெர்ட்ஸ் வைக்கலாமே என்று நான் வகுப்பில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹெர்ட்ஸ் ஏற ஏற வயரின் எதிர்ப்பும் இரும்பில் வீணாகும் சூடும் ஏறும், நடுவே எங்கோ நிறுத்த வேண்டும், அது 400-ல் நின்றது.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஜெனரேட்டரைச் சுற்றுவது இன்ஜின். பைலட் திராட்டிலைத் தள்ளினால் இன்ஜின் வேகம் ஏறும், இழுத்தால் இறங்கும், ஆனால் 400 ஹெர்ட்ஸ் ஆடக்கூடாது. அதனால் இன்ஜினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஒரு கருவியை வைப்பார்கள். உள்ளே வருகிற வேகம் எதுவானாலும் வெளியே ஒரே வேகம்தான் போகும். அதன் எண்ணெய் அளவு பார்ப்பது தினசரி வேலைகளில் ஒன்று. ஒரு பார்வைதான், அரை நிமிடம். அதைப் பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதுகிறவனும் உண்டு, அவனைப் பற்றிக் கீழே.

தரையில் நிற்கும்போது இன்ஜின் ஓடாது, அப்போது வெளியிலிருந்து கரண்டு கொடுக்க வேண்டும். ஈபி கரண்டை நேராகச் சொருக முடியாது, 50-ஐ 400 ஆக்கும் மாற்றி வேண்டும், இல்லையென்றால் டீசல் வண்டி. அந்த வண்டி பக்கத்தில் உறுமிக்கொண்டே நிற்கும், அதன் கேபிள் ஒரு ஆள் மணிக்கட்டு கனம். முதல் ஆறு மாதம் பையனுக்கு அநேகமாக அதை இழுக்கிற வேலைதான். நானும் இழுத்தேன்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம் அது. மிக்-21-ல் வெள்ளி-துத்தநாக பேட்டரி. நகைக்கடை வெள்ளி மாதிரி விலை, ஆயுள் ரொம்பக் குறைவு, ஆனால் சின்ன உடம்பில் அவ்வளவு தெம்பு வேறு எதிலும் இல்லை. பல விமானங்களில் நிக்கல்-காட்மியம், செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், 20 செல் வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது ஆசிட் இல்லை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். நம் வண்டியில் இருக்கும் ஈய பேட்டரியில் கந்தக அமிலம். இரண்டும் ஒரே அறைக்குள் வரக்கூடாது. ஒன்றின் அளவுக்குழாயை இன்னொன்றில் விட்டாலும் போச்சு. அதனால் இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனிக் கருவி. அமிலம் சிந்தினால் சமையல் சோடா, காரம் சிந்தினால் போரிக் பவுடர் கரைசல், இரண்டும் அந்தந்த அறை வாசலிலேயே இருக்கும். கண்ணில் தெறித்தால் முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர், மற்றது அப்புறம்.

நிக்கல்-காட்மியத்தில் ஒரு பேய் உண்டு. சூடேறினால் அதன் உள்எதிர்ப்பு குறையும், குறைந்தால் சார்ஜிங் கரண்டு இன்னும் அதிகமாக உள்ளே போகும், போனால் இன்னும் சூடு. தனக்குத்தானே எண்ணெய் ஊற்றிக்கொள்ளும் அடுப்பு அது. ஒரு செல் வீக் ஆனதை யாராவது கவனிக்காமல் விட்டால் ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுத வேண்டும், 20 அளவு, 20 கட்டம். பதினெட்டாவதை அளக்கும்போது யாராவது டீக்குக் கூப்பிடுவார்கள். கடைசி இரண்டு கட்டத்தில் மேலே உள்ள எண்ணையே போட்டுவிட்டுப் போகத் தோன்றும். இந்த வேலையின் முழுச் சோதனையும் அந்த நேரத்தில்தான்.

கையெழுத்து என்று ஒன்று இருக்கிறது அண்ணே. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு, எஃப்-700 என்போம். பறப்பதற்கு முன், இரண்டு பறப்புக்கு நடுவே, கடைசியாக இறங்கிய பின் என்று ஒவ்வொரு சோதனைக்கும் அந்தந்த டிரேடுக்காரன் கையெழுத்துப் போடுவான். கோளாறு வந்தால், அதை 'ஸ்னாக்' என்போம், பைலட் எழுதுவார், நாம் பார்த்து என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் அது மறுபடி பறக்கும். பைலட் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு ஏணியில் ஏறிவிடுவார். அவர் வயர்க்கட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டார். நாம் போட்ட எழுத்தை நம்பி ஏறுகிறார். எனக்கு முதல் தனிக் கையெழுத்துக்கு அனுமதி கிடைத்த அன்று, அந்த விமானம் போய்த் திரும்பி இறங்கும் வரை எனக்கு மூத்திரம் வந்துகொண்டே இருந்தது, இப்போது சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

ஒரு ஸ்னாக்கைக் கிட்டத்தில் காட்டுகிறேன், வேலை எப்படி என்று அதில் தெரிந்துவிடும். எந்தத் தளம், எந்த வருடம் என்பது வேண்டாம். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் காக்பிட்டில் மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டும். ஒரு விமானத்தில் இடது பக்கப் பச்சை சில நாள் தாமதமாக எரிந்தது, ஒரு நாள் எரியவே இல்லை, பைலட் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழ்வாகப் பறந்து கீழேயிருந்து பார்க்கச் சொல்லி, சக்கரம் இறங்கித்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு இறக்கினார். தரையில் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தால் மூன்றும் பளிச்சென்று எரிகிறது. பத்துத் தடவை செய்தோம், பத்துத் தடவையும் எரிந்தது. எங்களுக்கு முன்னால் பார்த்த குழு சக்கரத்துச் சுவிட்சையே மாற்றியிருந்தது. அதற்கு முன் விளக்கை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் 'மாற்றப்பட்டது, சோதிக்கப்பட்டது, சரி' என்று கையெழுத்து. பொய்யில்லை, தரையில் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் வாரண்ட் ஆபீசர் மதுரைக்காரர். பதிவேட்டை எடுத்துப் பழைய பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எல்லா நாளும் வரவில்லை, உயரமாகப் போய் ரொம்ப நேரம் இருந்து திரும்பிய நாள்களில்தான் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். மேலே குளிர். குளிரில் சுருங்கும், கீழே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் விரியும், அதற்குள் நாம் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இனி சுவிட்சை விடு, வயர் சேருகிற ஒவ்வொரு கனெக்டரையும் திற என்றார். மூன்றாவது கனெக்டர், சக்கரக் குழிக்குள், கை மட்டும் போகும், தலை போகாது. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து, வலது கன்னத்தைத் தகட்டில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பித்தளை நிறத்தில் வட்டமாகப் பின்கள், எல்லாம் ஒரே உயரம். ஒரு பின் மட்டும் மற்றவற்றைவிட உள்ளே போயிருந்தது. எவ்வளவு என்றால் ஒரு நெல்மணியின் கனம், அவ்வளவுதான். எப்போதோ யாரோ கனெக்டரை மாட்டும்போது அது முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை, பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. சூட்டில் எதிர்ப்பக்கத்தைத் தொட்டும் தொடாமல் நிற்கும், குளிரில் விலகும். அந்தப் பின்னை எடுத்துப் புதிதாக வயரோடு நெருக்கி அமுக்கி (கிரிம்ப் செய்து), கிளிக் என்று பூட்டும் சத்தம் கேட்டு, மெதுவாக இழுத்துப் பார்த்து மூடினோம். மூன்று நாள் போனது. மாற்றிய சாமான் ஒரே ஒரு பின்.

ஆக பொருளை மாற்றத் தெரிவது வேறு, காரணம் கண்டுபிடிப்பது வேறு. நம் ஊரில் மோட்டார் எரிந்தால் காயில் கட்டிக் கொடுப்பேன், ஆனால் ஏன் எரிந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது. ஒரு பேஸ் போய்விட்டால் கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறோமே, நாற்று காய்கிற நேரத்தில் அது தப்பு என்று நான் யாரையும் திட்ட மாட்டேன், வேறு வழியில்லை. ஆனால் அந்த 'அட்ஜஸ்ட்' புத்தியைப் பையன் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் விமானக் கொட்டகைக்குள் நுழைய வேண்டும். டேப் சுற்றி ஓட்டுவது, ஃபியூஸுக்குப் பதில் செம்பு நூல், பிரேக்கர் விழுந்தால் திரும்பத் திரும்ப அமுக்குவது, இதெல்லாம் அங்கே குற்றம். பிரேக்கர் விழுந்தது என்றால் அது நம்மிடம் ஏதோ சொல்கிறது.

வயர் எப்படிக் கெடுகிறது என்றால் அநேகமாக உரசியே கெடும். விமானம் முழுக்க அதிர்வு. கட்டுகிற கிளிப் கொஞ்சம் தளர்ந்தால் வயர் ஒரு தகட்டு விளிம்பில் மாதக்கணக்கில் ராவிக்கொண்டே இருக்கும். விமானத்தின் உடம்பே நெகட்டிவ் திரும்பும் வழி, உங்கள் பைக்கில் சேஸிஸ் எர்த் இருப்பது போல. அதனால் தோல் உரிந்த வயர் தகட்டைத் தொட்டால் நேராக ஷார்ட். சில வகை மேல்தோல் ஒரு தடவை பொறி பட்டால் கரியாகி, அந்தக் கரியே கரண்டு கடத்தி, பொறி வயர் நெடுகப் போகும். அந்த வகை வயரை வளைப்பதிலும் கட்டுவதிலும் அத்தனை கவனம் அதனால்தான். அப்புறம் எலி. டிராக்டர் வயரைக் கடித்து வைத்திருக்குமே, அதே எலி, அதே பல்.

நம் டெல்டா மாதிரி இடத்தில் ஈரம் தனித் தொல்லை. ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழிப் பனி, சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வயல். ராத்திரி முழுக்க வெளியே நின்ற விமானத்தின் கனெக்டரைக் காலையில் திறந்தால் உள்ளே வேர்த்திருக்கும். வயரின் மேல்தோல் காப்பு ஈரமாகியிருக்கும், காப்பை அளக்கிற மெகரை வைத்துப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். மெகர் என்றதும் நினைவு வருகிறது, அது பல நூறு வோல்ட் தள்ளும் கருவி, மறுமுனையில் எலக்ட்ரானிக்ஸ் பெட்டி மாட்டியிருக்கும்போது வைத்தால் பெட்டி காலி. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், வைக்கும்முன் இரண்டு தடவை பார்க்க வேண்டும். பிட்டாட் குழாய் என்று மூக்கில் ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் காட்டுவது அது, அதன் ஓட்டைக்குள் குளவி மண் கூடு கட்டிவிடும். நம்ப மாட்டீர்கள், ஒரு பகல் போதும். அதனால் விமானம் நின்றதும் சிவப்புத் துணி தொங்கும் உறையை மாட்டிவிடுவோம். அதன் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க உறையைக் கழற்றிவிட்டுச் சுவிட்ச் போட்டு, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். புதுப் பையன் ஒருவன் பிடித்தே பார்த்தான். ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற ஷாக் அதில் கடைசி. போர் விமான காக்பிட்டில் பைலட் சீட்டுக்கு அடியில் வெடிமருந்து இருக்கிறது, ஆளோடு சேர்த்துத் தூக்கி எறிவதற்காக. பாதுகாப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஒரு பல்பு மாற்றக்கூட உள்ளே தலையை விடக்கூடாது. ஆயுதம் மாட்டிய விமானத்துக்குக் கரண்டு கொடுக்கும்முன் ஆயுத டிரேடுக்காரன் சரி சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது முன்வாயில் ஆளை இழுக்கும், பின்னால் எரிக்கும். மெதுவாகக் கொல்வது சத்தம். காதுக் கவசம் வெயிலில் வேர்த்து வழுக்குகிறது என்று நான் அடிக்கடி ஒரு பக்கம் தூக்கி விட்டுக்கொள்வேன். இப்போது வலது காதில் ரயில் போகிற மாதிரி ஒரு இரைச்சல், டிவி சத்தம் வைப்பதில் வீட்டில் தினம் சண்டை. பையன் சேர்ந்தால் இந்த ஒன்றை மட்டும் அவனிடம் நூறு தடவை சொல்லுங்கள்.

டூல் கணக்கு என்று ஒன்று. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பலகையில் அதன் உருவத்துக்கே வெட்டிய இடம் இருக்கும், எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த விமானம் நகராது. நான் ஒரு தடவை லாக்கிங் வயர் வெட்டினேன். போல்ட் தளராமல் இருக்க முறுக்கிக் கட்டுகிற கம்பி அது, முறுக்கு போல்ட்டை இறுக்குகிற திசையிலேயே இழுக்க வேண்டும். வெட்டின துண்டு, விரல் நகம் அளவு, பறந்துவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. சொன்னேன். காந்தம், டார்ச், கண்ணாடி என்று ராத்திரி ஒன்றரை வரை ஆறு பேர் என்னைத் திட்டிக்கொண்டே தேடினார்கள். கடைசியில் என் பூட்ஸ் அடியில் குத்திக்கொண்டிருந்தது. மறுநாள் அந்த ஆறு பேருக்கும் டீயும் சமோசாவும் என் செலவு.

இனி சேருவது பற்றி, சீக்கிரமாக. நான் சேர்ந்த காலம் வேறு, 20 வருடம், பென்ஷன். 2022 ஜூனிலிருந்து அக்னிபாத் என்ற குறுகிய காலச் சேர்ப்புத் திட்டம், பையன் சேர்ந்தால் 'அக்னிவீர்வாயு'. நான்கு வருடம், பயிற்சியும் அதற்குள்ளேயே. முடியும்போது அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். முதல் வருடம் மாதம் 30,000 என்பார்கள், அதில் 9,000 சேவா நிதிக்குப் போய்க் கைக்கு 21,000. நான்காம் வருடம் 40,000, பிடித்தம் போக 28,000. வெளியே வரும்போது அரசின் பங்கும் சேர்ந்து வட்டி இல்லாமல் 10.04 லட்சம், பென்ஷன் கிடையாது. வயது பதினேழரையிலிருந்து 21-க்குள், கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, நான்கு வருடமும் பண்ணக்கூடாது, ஆகவே பெண் பார்க்கிற யோசனை இருந்தால் ஆறப்போடுங்கள். டிப்ளமோவில் 50 சதவீதம், ஆங்கிலத்திலும் 50 வேண்டும். தேர்வு ஆங்கிலம், இயற்பியல், கணக்கு, ஒரு மணி நேரம், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பக்கத்து ஆற்றங்கரையில் தினம் விடியலில் ஓடச் சொல்லுங்கள், அதைவிட நல்ல பாதை கிடைக்காது. நிறம் பிரித்தறியும் பார்வையைச் சோதிப்பார்கள், அதை இப்போதே ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. எல்லாம் தேறிய பிறகு நிறக்குறை என்று திரும்பி வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் நேராகச் சொல்லிவிடுகிறேன். ட்ரிபிள் ஈ படித்தான் என்பதற்காக எலக்ட்ரிகல் டிரேடுதான் கிடைக்கும் என்று இல்லை. அவர்கள் தேவைக்கு அவர்கள் பிரிப்பார்கள், இன்ஜின் பக்கமும் போகலாம். அதற்கும் மனது தயாராக இருக்க வேண்டும். இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. இந்த வேலையில் ஒரு ஆள் தேறி, தனியாகக் கையெழுத்துப் போடும் தைரியம் வர எனக்கு நான்கைந்து வருடம் பிடித்தது. நான்கு வருடத்தில் திரும்புகிறவன் பாதி வெந்த சோற்றோடு வருவான் என்பது என் எண்ணம். பணியில் இருக்கிற என் நண்பர்கள் சிலர் இப்போதுள்ள பையன்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் சந்தோஷம்.

வெளியே வந்தால் பிழைப்பு? விமானக் கம்பெனியில் நேராக உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லும் கோச்சிங் சென்டரை நம்பாதீர்கள். சிவில் விமானத்தில் சோதித்துக் கையெழுத்துப் போட டிஜிசிஏ (சிவில் விமானங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறை) லைசென்ஸ் வேண்டும். நம் ஆட்களுக்குப் பொருத்தமான லைசென்ஸ் வகை பி1 அல்லது பி2, பி2 என்பது கரண்டும் ஏவியானிக்ஸும் (விமான எலக்ட்ரானிக்ஸ்) பார்க்கும் பக்கம். ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் பாடப்பிரிவுத் தேர்வுகளைத் தனியாக எழுதித் தேற வேண்டும், சிவில் விமானத்திலும் தனியாக அனுபவம் காட்ட வேண்டும். என் பேட்ச்சில் மூன்று பேர் பணியில் இருக்கும்போதே ராத்திரி உட்கார்ந்து எழுதி வாங்கினார்கள், இன்று நல்ல சம்பளம். நான் அப்புறம் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன், அதனால்தான் உங்கள் ஊர் மோட்டார் இப்போது என் கடையில் கிடக்கிறது. பையன் சேர்ந்தால் இரண்டாம் வருடத்திலிருந்தே அந்தத் தேர்வுகளை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். விமானம்தான் வேண்டும், சீருடை கட்டாயமில்லை என்றால் விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்ஏஎல்-லில் அப்ரன்டிஸ் எடுக்கிறார்கள், அதையும் விடாமல் பார்க்கட்டும்.

பையனை ஒரு தடவை என் கடைக்கு அனுப்புங்கள். ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தார்கள் என்றால் அப்புறம் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். ஏஎன்-32-லிருந்து கழித்துப் போட்ட பழைய கனெக்டர் எதுவும் என்னிடம் இல்லை, எடுத்து வரவும் விடமாட்டார்கள், ஆனால் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியில் நானே ஒரு கோளாறை வைத்துவிட்டு, மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். எந்தப் பொருளை மாற்றலாம் என்று கேட்கிறானா, எப்போதெல்லாம் இது நிற்கிறது என்று கேட்கிறானா, அதைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் பண்ணுகிறேன்.